இருமலும் இரத்தப் பரீக்ஷையும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது இராஜபாளையத்தில் இருமல் அறியாத வீடு அரிது. நூல் ஆலைகளிற் பஞ்சுத் தூசி. சத்திரப்பட்டியில் காயக்கட்டுத் துணி நெய்யும் தறிகளிலும் அதுவே. இருமல் கண்டவுடன் நம்மவர் செய்வது யாதெனின், மருந்துக் கடைக்குச் சென்று, பெயர் சொல்லி நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவதேயாம். அவற்றுட் பல ஆன்டிபயாடிக் எனப்படும் கிருமிக்கொல்லிகள்.

இருமலுக்குக் காரணம் ஒன்றன்று. ஜலதோஷமும் தொண்டை நோவும் பெரும்பாலும் வைரஸால் உண்டாவன. வைரஸை இம்மருந்து தொடுவதே இல்லை. வார விடுமுறை கழிந்து வேலைக்குச் சென்ற முதல் நாளில் மார்பு இறுகி இருமும் ஆலைத் தொழிலாளிக்கு உள்ளது பிஸினோஸிஸ் என்னும் தூசிநோயாக இருக்கலாம். அங்கே கொல்லுதற்குக் கிருமியே இல்லை. க்ஷயரோகமோ பல மாதச் சிகிச்சை வேண்டுவது. அஃதறியாது லீவோஃப்ளாக்ஸஸின் போன்றதொன்றைச் சில நாள் உண்டால், நோய் தணிந்ததுபோல் மறைந்து நின்று, உண்மை வெளிப்படுவதற்குள் காலம் கடந்துவிடும். ஆனால் பாக்டீரியாவால் வரும் நியூமோனியாவிற்குக் கிருமிக்கொல்லி உடனே வேண்டும். குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் அங்கே தாமதம் பிராணாபாயம்.

காதிற்கு எல்லாம் ஒரே இருமல்தான். பிரித்தறிய உதவுவனவே விரைவுப் பரீக்ஷைகள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, ஸி-ரியாக்டிவ் புரோட்டீன் என்னும் பொருளின் அளவைச் சில நிமிஷங்களில் காணலாம். 1930ஆம் வருஷத்தில் நியூமோனியா நோயாளிகளின் இரத்தத்திற் கண்டறியப்பட்டது அது. கடுமையான பாக்டீரியா நோயில் மிக உயரும்; எளிய ஜலதோஷத்தில் அவ்வளவு உயர்வது அபூர்வம். வியத்நாமில் சுமார் 2,000 நோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆராய்ச்சியில், பரீக்ஷை செய்யப்பெற்றோருள் 100க்கு 64 பேரும், மற்றோருள் 78 பேரும் கிருமிக்கொல்லி உண்டனர். குணமாகும் நாட்கள் நீளவில்லை. அந்த 64உம் அதிகமே என்பது என் அபிப்பிராயம்.

இப்பரீக்ஷை வைத்தியருக்கு ஈடன்று. நோயின் முதல் நாளில் அளவு குறைவாகவே தோன்றலாம். மூச்சு முட்டுகின்றவனை எண்ணைக் காட்டி வீட்டிற்கு அனுப்புதல் தகாது. இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளிப் பரீக்ஷையே முக்கியம். அரசினர் க்ஷயரோகத் திட்டத்தில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. யந்திரத்திலிட்டால் சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தெரியும்.

பென்ஸிலினைக் கண்ட ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைத்து உண்டால் கிருமிகள் மருந்திற்கு அடங்காமற் போகும் என எச்சரித்தார். அட்டவணை எச்-1 என்னும் விதி 2014 மார்ச்சு முதல் அமலில் உள்ளது. அதிற் கண்ட மருந்துகளைச் சீட்டின்றி விற்றலாகாது. நோயாளியின் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். கடைக்காரர் சீட்டுக் கேட்டால் நாம் கோபிக்கிறோமே!

நமது வைத்திய நிதியிலிருந்து இவ்விரத்தப் பரீக்ஷைக் கருவி ஒன்றை வாங்கி, வைத்தியர் ஒருவர் மேற்பார்வையில் வைக்கவேண்டுமென்று வரும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். கருவி ஒரு முறைச் செலவு. ஒவ்வொருவருக்கும் புதிதாக வேண்டும் பரீக்ஷைப் பொருள்களோ ஓயாச் செலவு. ஆதலின் ஒரு நாள் நன்கொடை போதாது. கலியாணப் பந்தலுக்கு நாம் வாரி இறைப்பதிற் சிறு பங்கை ஒவ்வொரு குடும்பமும் வருஷந்தோறும் ஒதுக்குமாயின் போதும். சம்மதமுடையோர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.