அம்மா கடைக் கல்லா என் போன்ல இருந்தது

இன்னிக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். கொஞ்சம் சங்கடமான விஷயம், அதனால சுத்தி வளைக்காம ஆரம்பிச்சிடறேன்.

எங்க ஊர் குமராட்சி. சிதம்பரத்துல இருந்து காட்டுமன்னார்கோவில் பஸ்ல ஏறினா நடுவுல வரும். தெற்கே கொள்ளிடம், சுத்தி நெல் வயல். அங்க எங்கம்மா டீக்கடை வெச்சிருக்காங்க. காலையில டீ, வடை, சாயங்காலம் போண்டா. டீ 12 ரூபாய். அந்த 12 ரூபாய்தான் பிரச்சினையே. 20 ரூபாய் நோட்டைக் குடுத்தா மீதி 8 ரூபாய்க்குச் சில்லறை இருக்காது. பாதி நேரம் மிட்டாய்தான் மீதி.

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ இதைச் சரி பண்றேன்னு கிளம்பினேன். சென்னையில காபி ஷாப்ல போனை மெஷின் மேல தொட்டுட்டு வந்துடறோம்ல, அதுதான் மனசுல இருந்தது. ஆனா ஊர்ல அது வேலைக்கு ஆகாது. தொட்டுக் கட்டணும்னா வாடிக்கையாளர் போன்ல என்எஃப்சி சிப் வேணும். எங்க கடைக்கு வர்றவங்க வெச்சிருக்கற விலை குறைஞ்ச போன்கள்ல பெரும்பாலும் அது இருக்காது. கடைக்காரர் பக்கமும் ஒரு மெஷின் வேணும். கியூஆருக்கு? ஒரு காகிதம் ஒட்டினாப் போதும்.

அந்தக் கட்டம் 1994-ல ஜப்பான்ல டென்சோ வேவ் கம்பெனி, கார் உதிரி பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கினது. நம்ம ஊர் டீக்கடைக்கு வந்தது யுபிஐயால. 2016 ஏப்ரல்ல யுபிஐ அறிமுகம், அதே வருஷம் நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு, டிசம்பர் கடைசியில பீம் செயலி. இன்னொரு விஷயமும் முக்கியம். 2020 ஜனவரியில இருந்து யுபிஐ பணத்துக்குக் கடைக்காரர்கிட்ட கமிஷன் கிடையாது. 12 ரூபாய் டீக்கு 12 ரூபாயும் வரும். கூகுள்பேயோ, ஃபோன்பேயோ, பேடிஎம்மோ, எதுல இருந்து கட்டினாலும் ஒரே ஸ்டிக்கர்தான்.

சரி, ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. யார் கணக்குக்கு? என் கணக்குக்கு.

அம்மாகிட்ட பட்டன் போன்தான். "உன் பேர்லயே போடு தம்பி, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்"னு சொன்னாங்க. பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சது. பெரிய உதவி பண்ணிட்ட நினைப்புல பஸ் ஏறிட்டேன்.

அதுக்கப்புறம் என் போன் நாள் முழுக்க அடிச்சிக்கிட்டே இருக்கும். 12 ரூபாய், 24 ரூபாய், 36 ரூபாய். ஆபீஸ் மீட்டிங்ல தொந்தரவா இருக்குன்னு அந்த அறிவிப்பை நிறுத்தி வெச்சேன். அங்க கடையில யாராவது "போட்டுட்டேன்க்கா"ன்னு போனைக் காட்டினா அம்மா நம்பித்தான் ஆகணும். சில பேர் நேத்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையே இன்னிக்கும் காட்டியிருக்காங்க. பணம் வந்ததா இல்லையான்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான். நானோ அறிவிப்பை நிறுத்தி வெச்சிருக்கேன்!

பணம் தேவைப்பட்டா அம்மா எனக்கு போன் பண்ணுவாங்க. "தம்பி, பால்காரருக்கு ஒரு 500 போட்டு விடறியா?" நான், "இப்போ வேலையா இருக்கேன்மா, அப்புறம் போடறேன்"னு சொல்லுவேன். இதைச் சொல்றப்போ எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. அவங்க சம்பாதிச்ச பணத்தை அவங்க என்கிட்ட கேட்டு வாங்கிட்டு இருந்தாங்க. கேக்கறப்போ குரல் வேற தாழ்ந்து வரும்.

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல். எங்க தெருவுல கரண்ட் போச்சு, டவரும் போச்சு. ரெண்டு நாளா அம்மாவைப் பிடிக்க முடியலை. மூணாவது நாள் பக்கத்து வீட்டு அண்ணன் போன்ல பேசினாங்க. வீட்டுல கையில இருந்தது 180 ரூபாயாம். மண்ணெண்ணெய், மெழுகுவத்தி எல்லாம் கடன்ல வாங்கியிருக்காங்க. "எப்பவும் கல்லாவுல ஒரு ரெண்டாயிரம் கிடக்கும்டா, இப்போதான் எல்லாம் உன்கிட்ட போயிடுதே"ன்னு சொன்னாங்க. குத்திக்காட்டலை, சாதாரணமாத்தான் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் பார்த்தேன். அதுவரைக்கும் கடைப் பணமா என் கணக்குக்கு வந்தது 1,86,000 ரூபாய். அம்மா கேட்டுக் கேட்டு நான் திருப்பி அனுப்பினது 1,24,000. மீதி 62,000. என் கணக்குல அப்போ இருந்தது 9,000. மிச்சத்தை நான் திருடலைங்க, ஆனா செலவு பண்ணியிருக்கேன். வாடகை, வண்டி இஎம்ஐ, ரெண்டு மூணு சினிமா. ஒரே கணக்குல கலந்து கிடந்தா எது யார் பணம்னே தெரியாமப் போயிடுது.

2025 பொங்கலுக்குப் போனப்போ முதல் வேலையா அம்மா பேர்ல மாத்தினேன். அம்மாவுக்குக் கணக்கு இல்லாம இல்லை. 2023 செப்டம்பர்ல இருந்து மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் மாசாமாசம் அவங்க கணக்குக்குத்தான் வந்துட்டு இருந்தது. சிக்கல் எங்கேன்னா, அந்தக் கணக்குல இணைச்சிருந்தது மாமாவோட போன் நம்பர். யுபிஐக்கு வங்கியில பதிஞ்ச நம்பர் நம்ம கையில இருக்கணும். வங்கிக்குப் போய் படிவம் குடுத்து நம்பரை மாத்த நாலு நாள். டெபிட் கார்டு எங்கேயோ தொலைஞ்சிருந்தது. ஆதார் ஓடிபி வெச்சும் பின் நம்பர் போடலாம்னு அப்போதான் எனக்கே தெரிஞ்சது. என் பழைய ஸ்மார்ட்போனைக் குடுத்தேன். பணம் வந்தா தமிழ்ல சத்தமாச் சொல்ற பெட்டி ஒண்ணும் வாங்கி வெச்சோம். அதுக்கு மாச வாடகை உண்டு, ஆனா ஸ்கிரீன்ஷாட் ஆட்களெல்லாம் ஒரே வாரத்துல காணாமப் போயிட்டாங்க.

அம்மாவுக்கு நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான்: பணம் வாங்கறதுக்கு பின் போடவே தேவையில்லை, யாராவது போடச் சொன்னா அது ஏமாத்து வேலை. ஏமாந்துட்டா உடனே 1930-க்கு அடிக்கணும். அம்மாவாவே எடுத்த முடிவு ஒண்ணு இருக்கு. சாயங்காலம் போண்டாவுக்கு மட்டும் காசுதான் வாங்கறாங்க. மறுநாள் பாலுக்கும், இன்னொரு புயல் வந்தாலும் கையில வேணுமாம். நான் அதை மறுத்துப் பேசலை.

2025 ஜூலையில கர்நாடகாவுல யுபிஐ வரவை வெச்சு சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சே, பெங்களூர்ல பல கடையில 'யுபிஐ கிடையாது'ன்னு போர்டு வெச்சாங்களே, அதை டிவியில பார்த்துட்டு அம்மா பயந்துட்டாங்க. பொருள் விக்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம், சேவைன்னா 20 லட்சம், அதைத் தாண்டினாத்தான் பதிவே பண்ணணும்மான்னு விளக்கினேன். "20 லட்சத்துக்கு எத்தனை டீடா போடணும்?"னு கேட்டாங்க. நான் கணக்குப் போட்டுப் பார்க்கலை.

அந்த 62,000 இன்னும் முடியலை. மாசம் 5,000 வீதம் கட்டிட்டு இருக்கேன், மூணு தவணை பாக்கி. "உன்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன"ன்னு அம்மா முதல்ல வேண்டாம்னாங்க, ஆனா நான் அனுப்பறதை நிறுத்தலை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி ஐயாயிரம் ரூபாய்னு கடை முழுக்கக் கேக்கற மாதிரி கத்துமாம். யாருக்கா இவ்ளோ டீ குடிச்சதுன்னு பெஞ்சுல இருக்கறவங்க கேப்பாங்களாம்.