தேடுபொறியும் காலமறிதலும்

(பள்ளத்தூரில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பள்ளத்தூரை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொரு பெருமகனார் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். 1950ஆம் ஆண்டையொட்டிப் பழைய நூல்களைச் சேர்க்கத் தொடங்கியவர், 1992இல் மறையும் வரை அப்பணியை விட்டாரில்லை. நூல், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என அவர் சேர்த்தவை பல்லாயிரம். அறிந்த ஆய்வாளர்கள் கோட்டையூருக்கே தேடி வந்தார்கள். அறியாத உலகத்திற்கோ அச்செல்வம் இருந்தும் இல்லாததாகவே இருந்தது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. நூல்கள் அட்டவணைப்படுத்தப்பெற்றன; நுண்படம் எடுக்கப்பெற்றன. அதன் பின்னரே தேடியவர் கைக்கு அவை எளிதில் எட்டின.

இந்நாளில் இணையதளம் தொடங்கும் இளைஞர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்விக்கும் இவ்வரலாற்றிலேயே விடை இருக்கிறது. “தளம் அமைத்தாயிற்று, கூகுளில் எப்பொழுது முதலில் வரும்?” என்பதே அக்கேள்வி.

தேடுபொறியின் வேலை மூன்று படிகளை உடையது. முதலாவது கண்டறிதல். தானியங்கி நிரலொன்று இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் செல்கிறது. இரண்டாவது, கண்டதைப் படித்து அட்டவணையில் ஏற்றுதல். மூன்றாவது, ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்பொழுது ஏற்ற பக்கங்களை வரிசைப்படுத்துதல். முதலிரு படிகளுக்குச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். காலம் செல்வது மூன்றாவது படியிலேதான். மேம்பாடுகளின் பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்று கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்தவரே 2017இல் விளக்கினார். அதே ஆண்டில் ஏரெப்ஸ் நிறுவனம் செய்த ஆய்வில், புதிய பக்கங்களுள் நூற்றுக்கு 5.7 மட்டுமே ஓராண்டுக்குள் முதற்பத்து இடங்களுள் ஒன்றை எட்டின. முதலிடத்தில் நின்ற பக்கங்களின் சராசரி வயதோ ஏறத்தாழ மூன்றாண்டு.

இத்தாமதம் ஏன்? 1998இல் லாரி பேஜ், செர்கேய் பிரின் என்ற இரு மாணவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுகின்றவற்றின் மதிப்பு யாது என்று கணக்கிடும் முறை அது. ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களைக் கொண்டு அவற்றின் செல்வாக்கை அளக்கும் வழக்கமே அதற்கு முன்னோடி. இன்று வேறு அளவைகள் பல சேர்ந்துவிட்டன. ஆயினும் பிறர் சொல்லும் சான்றுக்கு மதிப்பு குறைந்துவிடவில்லை.

செட்டிநாட்டாருக்கு இது புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கச் சென்ற நாளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாகிப் பின்னரே ஏஜெண்டு ஆனார். ஏஜெண்டின் தவணை பொதுவாக மூன்றாண்டு. பெயர்ப்பலகை ஒரே நாளில் தொங்கும். நாணயம் என்ற பெயர் ஒரே நாளில் வருவதில்லை. நாணயமுள்ள மற்றொரு கடைக்காரர் ‘இவரை நம்பலாம்’ என்று சொல்வதற்கு இருந்த மதிப்பே இணையத்தில் இணைப்புக்கு இருக்கிறது.

தமிழுக்கு வேறொரு தடையும் இருந்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கி, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றத் தலைப்பட்டது. அக்காலத்தில் திஸ்கி, டாம், டாப் எனக் குறியேற்றங்கள் பல. தளத்துக்கொரு எழுத்துரு வழங்கிற்று. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றியது, பொறிக்குப் பொருளற்ற குறிகளாகவே பட்டது. எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அத்தகைய பக்கம் தமிழ்ச் சொல்லால் தேடுவார்க்கு அகப்படாது. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே தேடிக் காணும் நிலை பிறந்தது. காலம் மட்டும் கனி தராது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இப்பொருள் இம்மண்ணின் பிழைப்போடும் தொடர்புடையது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் வெளிநாட்டில் இருப்பவர் ‘கண்டாங்கி’ என்று தேடும்பொழுது, தறியில் நெய்தவர் முன்னே வருகிறாரா, விசைத்தறிப் போலியை விற்பவர் முன்னே வருகிறாரா என்பதில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் இருக்கிறது. இந்தக் கவலையையே முதலாக்கி, ‘முப்பது நாளில் முதலிடம்’ என்று பணம் பெறுவோர் உளர். முதலிடத்துக்கு எவரும் உறுதி தர இயலாது என்று கூகுளே எச்சரிக்கிறது. காசுக்கு வாங்கிய இணைப்புகளால் உயர முயன்ற தளங்கள் பல, 2012இல் வந்த ‘பெங்குவின்’ மாற்றத்தால் கீழே தள்ளப்பெற்றன. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம். அது விளம்பரம் என்ற குறிப்போடு வரும். இயல்பான வரிசையில் இடம் வாங்க இயலாது.

ஆயின் நெசவாளர் செய்யத்தக்கது யாது? ‘சேலை’ என்ற ஒரு சொல்லுக்குப் பெருங்கடைகளோடு போட்டியிட்டால் ஆண்டுகள் கழியும். ‘கண்டாங்கிச் சேலையைச் சாயம் போகாமல் துவைப்பது எப்படி’ என்ற கேள்விக்குத் தம் அனுபவத்தை எழுதினால், எழுதியோர் சிலரே ஆதலால், விரைவில் இடம் கிடைக்கக்கூடும். படமாக மட்டும் போடாமல் ஒருங்குறி எழுத்தில் எழுத வேண்டும். ஊர்ப்பெயரைக் குறிக்க வேண்டும். கைப்பேசியில் எளிதில் திறக்க வேண்டும். கூகுளின் தேடல் பணியகத்தில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். தளப்பெயரைத் தவறாது புதுப்பித்து வர வேண்டும். அது கைவிட்டுப் போனால் சேர்த்த பெயரும் உடன் போகும். இப்பொழுது செயற்கை நுண்ணறிவு தரும் தொகுப்புரைகள் முடிவுகளின் மேலே தோன்றுகின்றன. அவையும் எவரேனும் எழுதி வைத்ததிலிருந்தே விடை தொகுக்கின்றன. எழுதாதவர் அங்கும் இடம் பெறார்.

இலக்கிய அமைப்புகளுக்கும் இதில் கடமை உண்டு. இவ்வூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இருக்கிறது. அண்மையில் காரைக்குடிக் கம்பன் கழகம் 1939 முதல் தமிழ் வளர்த்து வருகிறது. கல்வி நிலையங்களும் கழகங்களும் தம் தளங்களில் உண்மையான நெசவாளரையும், உள்ளூர் வரலாறு எழுதுவோரையும் தகுதி கண்டு சுட்டினால், அதுவே நாணயமுள்ளவர் சொல்லும் சான்றாகும். பத்தாண்டு மலர்களும் பேழைக்குள் உறங்காமல் இணையம் ஏறலாம்.

வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். காலமறிதல் என்பது வாளா இருத்தல் அன்று. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் காத்திருத்தல். சில வாரத்தில் அட்டவணை, சில மாதத்தில் அறிமுகம், சில ஆண்டில் நற்பெயர் என்று கணக்கு வைத்துக்கொள்வோர் ஏமாறார். கோட்டையூர்ப் பெருமகனார் நாற்பதாண்டுக்கு மேல் சேர்த்தார். அத்துணைக் காலம் இன்று வேண்டுவதில்லை. அவருடைய உழைப்பில் ஒரு பங்கேனும் வேண்டும்.