கழுத்துச் சிரைகள் கூறும் செய்தி



மயிலைக் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் நாகசுர வித்துவான் ஒரே சுரத்தை நீண்ட நேரம் நிறுத்தி ஊதும்போது அவருடைய கழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இருபுறமும் நரம்பு புடைத்து நிற்பதாகச் சொல்வோம். உண்மையில் அவை நரம்புகள் அல்ல. இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள். ஊதும்போது மார்புக் கூட்டினுள் அழுத்தம் ஏறுகிறது. தலையிலிருந்து இறங்கும் இரத்தம் உள்ளே எளிதில் புக இயலாமல் கழுத்திலே தேங்குகிறது. மூச்சை விட்டதும் புடைப்பு அடங்கிவிடும். இதில் நோய் எதுவும் இல்லை. ஆனால், ஊதாமலும் பாடாமலும் வெறுமனே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கழுத்தில் அதே புடைப்பைக் கண்டால் என்ன பொருள்? அதைப் பற்றியே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கழுத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் முக்கியமான சிரைகள் இரண்டு உண்டு. வெளிக் கழுத்துச் சிரை தோலுக்குச் சற்றே அடியில் ஓடுவது; கண்ணுக்குப் பெரும்பாலும் தென்படுவது இதுவே. உட்கழுத்துச் சிரை அதனினும் பெரியது. மண்டையோட்டின் அடித்துளை வழியே வெளிப்பட்டு, மூளையின் இரத்தத்தைச் சுமந்துகொண்டு, தலைக்குச் செல்லும் பெரிய தமனியை ஒட்டியே கீழிறங்குகிறது. முடிவில் இந்த இரத்தம் மேற்பெருஞ்சிரை வழியாக இருதயத்தின் வலது மேலறையை அடைகிறது.

தொட்டியில் நீர்மட்டம் உயர்ந்தால் அதனோடு இணைந்த குழாயிலும் உயரும் அல்லவா? அவ்வாறே, வலது மேலறையில் அழுத்தம் மிகுந்தால் கழுத்துச் சிரையிலும் இரத்தம் உயர்ந்து நிற்கும். ஜேம்ஸ் மக்கென்ஸி என்ற பிரிட்டிஷ் வைத்தியர் இச்சிரையின் துடிப்பைக் கருவிகொண்டு காகிதத்தில் வரைந்து ஆராய்ந்து, 1902-ல் நாடியைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். இன்றும் வைத்தியர் நோயாளியை 45 பாகை சாய்வில் படுக்கவைத்து, மார்பெலும்பின் மேற்புறத்திலுள்ள மேட்டிலிருந்து அத்துடிப்பின் உச்சி எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது என்று நோக்குகிறார். அது 3 அல்லது 4-ஐத் தாண்டினால், இருதயத்தின் வலப்புறம் தன் வேலையைச் செய்யத் திணறுகிறதோ என்று ஐயுறுகிறார். இச்சோதனைக்கு ஊசி வேண்டாம், செலவும் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கழுத்துப் புடைப்போடு மூச்சிரைப்பும் கால்வீக்கமும் சேர்ந்து காணப்பட்டால், வயதின் தளர்ச்சி என்று நாளைக் கடத்தாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். நாம் நிமிர்ந்திருக்கையில் இச்சிரைகளுள் அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே, கழுத்தில் ஆழமாக வெட்டுப்பட்டால் இரத்தம் வெளியேறுவதோடு, வெளிக்காற்று சிரைக்குள் உறிஞ்சப்படும் அபாயமும் உண்டு. காயத்தைத் தூய துணியால் உடனே அழுத்தி மூடி, அடிபட்டவரைப் படுக்கவைத்து, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் தொடங்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையை அறிவீர்கள். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வாய்ப்புற்று, பரவும்போது பெரும்பாலும் முதலில் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களையே பற்றுகிறது. அவற்றுள் பல, உட்கழுத்துச் சிரையை ஒட்டி மணிகளைக் கோத்தாற்போல் அமைந்தவை. ஜார்ஜ் கிரைல் என்ற அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர், அக்கணுக்களைச் சிரையோடு சேர்த்தே அகற்றும் முறையை 1906-ல் விவரித்தார். ஒரு புறத்துச் சிரையை இழந்தாலும் மறுபுறத்துச் சிரை அதன் சுமையைத் தாங்கிக்கொள்கிறது. நோயின் நிலை இடங்கொடுத்தால் சிரையைக் காப்பாற்றிக் கணுக்களை மட்டும் நீக்கும் முறைகள் பின்னர் வளர்ந்தன.

ஒரு பெருஞ்சிரையை அறுத்தெறிந்தேனும் உயிரைக் காக்க வேண்டிய நிலைக்கு மனிதனைக் கொண்டுவருவது எது? பெரும்பாலும், கன்னத்தில் அடக்கிய ஒரு சிட்டிகைப் புகையிலை. அப்பழக்கம் பலரைப் பற்றிக்கொள்வது உங்கள் பருவத்திலேதான். முதல் முறை ஒருவர் நீட்டும்போதே வேண்டாமென்று சொல்லிவிடுவது எளிது. பின்னால் விடுவது அரிது.