இராகலைக்குக் கோச்சி வந்த காலம்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நேற்று மலையிலிருந்து பஸ் ஏறிய நாங்கள் விடியற்காலையில்தான் இங்கே வந்து சேர்ந்தோம். உங்களில் பலருக்குச் சொந்த ஊர் கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம். 77 கலவரத்துக்குப் பிறகு கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். ஆகவே சங்கச் செய்தி கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் நம்ம ஊர்க் கோச்சியைப் பற்றிப் பேசுவோம்.

இராகலையில் கோச்சியா என்று எங்கள் வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள். நானுஓயாவில் கோச்சி நிற்பது எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து இராகலை வரை ஒரு சின்னக் கோச்சி ஓடியது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஓடியது. 1903 இல் நுவரெலியா வரைக்கும், 1904 இல் இராகலை வரைக்கும். மொத்தம் ஏறக்குறைய 19 மைல். பெரிய பாதைக்குத் தண்டவாள அகலம் ஐந்தரை அடி. இதற்கு இரண்டரை அடிதான். வளைந்து வளைந்து மலை ஏற அதுதான் தோது, செலவும் குறைவு. கந்தப்பளையில் பாதை 6,300 அடிக்கு மேலே போனது. பட்டிப்பொளைதான் நாட்டிலேயே உயரமான ஸ்டேசன் என்று இப்போது படிப்பிக்கிறோம். அந்தக் காலத்தில் கந்தப்பளை அதற்கும் மேலே.

யாருக்காகப் போட்டார்கள்? தேயிலைப் பெட்டிக்காக. பெரிய பாதை 1885 இலேயே நானுஓயாவுக்கு வந்துவிட்டது. அதற்கு அப்பால் உள்ள தோட்டங்களுக்கு மாட்டு வண்டிதான் கதி. துரைமாருக்கு அது கட்டுபடியாகவில்லை. சின்னக் கோச்சி வந்ததும் தேயிலை கீழே இறங்கியது, அரிசியும் உரமும் மேலே ஏறின.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். இரண்டரை அடிப் பாதையில் வந்த வண்டி ஐந்தரை அடிப் பாதையில் ஓடாது. ஆகவே நானுஓயாவில் ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, அடுத்த வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். ஒரு பெட்டி நூறு இறாத்தல் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி, எத்தனை தோள்? பாதையின் நீளம், உயரம், திறந்த வருசம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தூக்கியவர் பெயர் நாங்கள் தேடிய புத்தகங்களில் இல்லை.

சரக்குக்காகப் போட்ட பாதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. கேரளத்தில் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காட்டுக்கு, மரம் ஏற்றவென்றே கொச்சி சமஸ்தானம் ஒரு பாதை போட்டது. (கொச்சிக்காரர் போட்ட கோச்சி!) ஏறக்குறைய 50 மைல். 1907 முதல் தேக்கு மரமும் ஈட்டி மரமும் அதில் இறங்கின. செங்குத்தான சரிவில் எஞ்சினே இல்லை: பாரத்தோடு இறங்கும் வண்டி, மறுமுனையில் கட்டிய வெறும் வண்டியை மேலே இழுத்துவிடும். நல்ல கெட்டித்தனம்தான். அதையும் நட்டம் என்று 1963 இல் மூடினார்கள்.

நம்ம கோச்சிக்கும் அதே கதி. ரோட்டு வந்தது, லொறி வந்தது. 1940 இல் ஆள் ஏற்றுவது நின்றது. 1948 இல் பாதையையே மூடி, தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள்.

அந்த வருசத்தைப் பாருங்கள். நம்மவர்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் 1948 இல்தான். நட்டம் வரும் பாதையை மூடுவது ஒரு கணக்கு, அதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. பெட்டி தூக்கிய குடும்பத்தைப் பார்த்து நீ இந்த நாட்டு ஆள் இல்லை என்றது எந்தக் கணக்கு? 1964 இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 525,000 பேர் என்று தலையை எண்ணியது. அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் போன கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பேர் வைத்தார்கள் நம் ஆட்கள். இங்கே இருக்கிற பாட்டிமார் சிலர் அந்த பிளாட்போமில் நின்றிருப்பீர்கள்.

இன்று உங்களுக்குக் கேட்கும் கோச்சிச் சத்தம் 1928 இல் மட்டக்களப்புக்கு வந்த பாதையுடையது. மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டி, புனானைக் காட்டை ஊடறுத்து, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வருகிறது. யுத்தத்தில் வருசக்கணக்காக ஓடாமல் கிடந்து மறுபடி ஓடுகிறது. வேண்டும் என்று நினைத்தால் நின்றதையும் ஓட்டலாம் போலிருக்கிறது.

ஏன் இதையெல்லாம் இழுக்கிறோம்? காணி விசாரணைக்குப் போனால் எங்கிருந்து வந்தாய், எப்போது வந்தாய், என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். நம் கையில் இருப்பது பழைய பிறப்புச் சான்று, கிழிந்த கூப்பன் புத்தகம், மிச்சம் எல்லாம் ஞாபகம். ஞாபகம் உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகள் கொப்பியும் பேனையும் கொண்டுவந்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வயதானவர்கள் அந்த வேம்புக்குக் கீழே வந்து உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயம், அப்பாவோ தாத்தாவோ கோச்சிப் பாதையில் வேலை செய்தாரா, அவர் பேர் என்ன, எல்லாம் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் போதும், எழுதிக்கொள்வார்கள். தேத்தண்ணிக்கு யாரும் அலைய வேண்டாம். இராகலைத் தூள் நாங்களே கொண்டுவந்திருக்கிறோம்.