வளர்ந்த பிள்ளைக்கு யார் வீட்டில் இடம்?



பெற்றோரை இழந்த கைக்குழந்தையைப் பார்த்தால் நம் எல்லாருக்கும் மனம் இளகிவிடுகிறது. தூக்கிக்கொள்ள நாலு கை நீளும். அதே பிள்ளைக்குப் பதினான்கு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீசை அரும்பிய பையன், அல்லது வயதுக்கு வந்த பெண். நம் பேச்சு உடனே மாறிவிடுகிறது. வளர்ந்த பிள்ளை ஒட்டாது என்கிறோம். வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நாளைக்கு யார் பதில் சொல்வது என்கிறோம். மில்லிலோ கடையிலோ சேர்த்துவிட்டால் சாப்பாட்டுக்காவது ஆகும் என்று முடித்துவிடுகிறோம். பெண் பிள்ளை என்றால், முறை மாப்பிள்ளை இருக்கிறானா என்று பார்க்கிறோம். பாளையம்பட்டியில், அருப்புக்கோட்டையில், திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் யார்? இன்று அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், அவர்களிடமும் பேசுவோம்.

நம்முடையது மானாவாரி பூமி. மழை தப்பினால் தாய் தகப்பன் பிழைப்புத் தேடி வெளியூர் போவார்கள்; பிள்ளைகள் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ நிற்பார்கள். அது ஒருவகைப் பிரிவு. இன்னொன்று, திரும்பி வராத பிரிவு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இப்படிப்பட்ட செய்தி நமக்கு நாலு நாளில் ஓய்ந்துவிடும். அந்த வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால், அதற்கு எல்லாம் அன்றுதான் ஆரம்பிக்கிறது.

சொந்தக்காரர் வீட்டில் வளர்வது நமக்குப் புதிதல்ல. திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர், 12 வயதில் தகப்பனாரை இழந்தார். உடனே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அவரும் அண்ணனும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். தம்பியும் தங்கையும் தாயோடு மானாமதுரைக்குப் போனார்கள். சித்தப்பா படிக்க வைத்தார். 16 வயதில் அவர் அந்த வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். எதைத் தேடிப் புறப்பட்டார் என்பது வேறு; அதற்குள் நாம் இப்போது போகவில்லை. நாம் கவனிப்பது 1892-ல் நடந்ததை. செத்தது தகப்பன் ஒருவர்தான். ஆனால் அந்தப் பையனின் அன்றாடத்திலிருந்து தாயும் போனார், தம்பி தங்கையும் போனார்கள், பிறந்த ஊரும் போனது. நல்ல மனதோடு சோறு போடும் வீட்டில்கூட, வளர்ந்த பிள்ளை இத்தனை இழப்பையும் சுமந்துகொண்டுதான் சாப்பிட உட்காருகிறது.

சித்தப்பா வீடும் இல்லாத பிள்ளைக்கு? இல்லத்துக்கு அனுப்புவது ஒன்றே வழி என்று நாம் நினைக்கிறோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். இது தத்து அல்ல. உறவில்லாத ஒரு குடும்பம், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையின்படி, ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. சில மாதங்களும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2024-ல் திருத்திய வழிகாட்டு நெறிகளின்படி, திருமணமாகாதவர்களும் துணையை இழந்தவர்களும்கூட வளர்க்க முன்வரலாம்.

இப்படி ஒரு வீட்டுக்குப் போகப்போகிற தம்பி, தங்கச்சி, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உன்னிடம் ஒன்று சொல்கிறோம். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி முடிவெடுக்கக்கூடாது. குழுவின்முன் பேச உனக்கு உரிமை உண்டு, பயப்படாமல் பேசு. கூடப்பிறந்தவர்களைக் கூடியவரை ஒன்றாகவே வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அம்மாவோ அப்பாவோ உயிரோடிருந்து, நோயாலோ குடியாலோ உன்னை வளர்க்க முடியாமல் இருந்தால், குழு தடுக்காதவரை அவர்கள் உன்னை வந்து பார்க்கலாம். அவர்கள் தேறிவிட்டார்கள் என்று குழு தீர்மானித்தால் நீ திரும்பிப் போகலாம். படிப்பும் வைத்தியமும் சாப்பாடும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. நீ எப்படி இருக்கிறாய் என்று மாதாமாதம் பார்க்க வேண்டியது குழுவின் கடமை. வருகிறவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேள். அங்கே சரியில்லை என்றால் சொல்; வேறு வீடு பார்ப்பார்கள். அது உன் குற்றமாகாது.

முதல் மாதம் எப்படி இருக்கும்? குளிக்கப் போவதற்குக்கூடக் கேட்க வேண்டுமோ என்று தயக்கமாக இருக்கும். இன்னொரு இட்லி வேண்டும் என்று வாய் வராது. ராத்திரி தூக்கம் வராது. அவர்கள் அன்பாக இருந்தால், அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்றுகூடத் தோன்றும். செய்யவில்லை. அவர்களை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அத்தை என்று கூப்பிடு, அக்கா என்று கூப்பிடு. உனக்கு எது வருகிறதோ அது.

இனி வளர்க்க நினைக்கிறவர்களிடம். நம் பக்கத்தில் ஒரு பிள்ளை வீட்டு வாசலில் நின்றால் முதலில் கேட்கிற கேள்வி எது என்று நமக்குத் தெரியும். என்ன ஆளுக? கோவிலில் நற்கருணை வாங்கிவிட்டு வெளியே வந்து இதைக் கேட்கிற நம் வாயை என்ன சொல்வது! அந்தக் கேள்வி வாயில் இருக்கும்வரை பிள்ளையைக் கூட்டி வர வேண்டாம். தறிக்கு ஆள் கிடைத்தது, மாட்டுக்கு ஆள் கிடைத்தது என்ற கணக்கு இருந்தாலும் வேண்டாம். 4000 ரூபாய் வருகிறது என்று தெருவில் பேசுவார்கள், பேசட்டும். இன்றைய விலைவாசியில் வளர்கிற பையனுக்கு அது எத்தனை நாள் காணும் என்று அரிசி வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

முதலில் பிள்ளை அடங்கி நடக்கும். பிறகு ஒருநாள் கதவை அறைந்து சாத்தும், எதிர்த்துப் பேசும். அதுவரை காட்டிய நன்றியெல்லாம் வேஷம் என்று நமக்குக் கோபம் வரும். இவர்களும் நம்மை அனுப்பிவிடுவார்களோ என்று அது நம்மைச் சோதித்துப் பார்ப்பதாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில், உன் அப்பன் குடிகாரன்தானே என்ற ஒரு சொல் விழுந்தால் போதும். அத்தனை மாதம் போட்ட சோறும் வீணாகும். செல்போன், வீடு திரும்பும் நேரம், செலவுக்காசு இவற்றைப் பற்றி முதல் வாரமே உட்கார்ந்து பேசுங்கள். சொந்தப் பிள்ளைக்கு ஒரு சட்டம், வந்த பிள்ளைக்கு ஒரு சட்டம் என்று இருக்க வேண்டாம். வந்த பிள்ளை இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கும்.

விவிலியத்தில் எஸ்தர் தாயும் தகப்பனும் இல்லாத பெண். உறவினரான மொர்தக்காய் அவளைத் தம் மகளாக வளர்த்தார். எஸ்தர் அரசி ஆனதை நாம் சொல்லுவோம். அதற்குமுன் நடந்த ஒன்றை விட்டுவிடுவோம். அரண்மனைக்கு அவளை அழைத்துப் போனபின்பும், அவள் எப்படி இருக்கிறாள் என்று அறிய, மொர்தக்காய் நாள்தோறும் அந்த முற்றத்தின் முன்னால் நடந்தார். அவள் வளர்ந்துவிட்டாள், இனி நம் பொறுப்பில்லை என்று அவர் வீட்டில் இருந்துவிடவில்லை.

நம் பிள்ளைகளுக்கு அந்த அரண்மனை வாசல் பதினெட்டாவது பிறந்தநாள். வளர்ப்புப் பராமரிப்பு ஆணை அன்றோடு முடிகிறது. இல்லங்களிலிருந்து வெளியேறுகிறவர்களுக்கு 21 வயதுவரை பிற்காப்பு உதவி என்று ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கத் தெரியாமலே பலர் போய்விடுகிறார்கள். உதவித்தொகை நிற்கலாம். கல்லூரி விடுதி பொங்கலுக்குப் பூட்டும்போது, அந்தப் பிள்ளை எந்த ஊர்ப் பேருந்தில் ஏறும்? வளர்க்க முன்வருகிறவர்கள் இந்தக் கேள்விக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

விவரம் வேண்டுவோர் விருதுநகரில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். நேராகப் போகத் தயக்கமாக இருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், கூட வருவார். ஆபத்தில் இருக்கிற பிள்ளை யாராவது உங்கள் தெருவில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். 1098-க்குக் காசில்லாமல் பேசலாம், எந்த நேரமும். பிள்ளைகளும் பேசலாம்.