நாடோறும் பெறும் பேறு



கும்பாபிஷேகப் பெருவிழா நிகழுங்கால் திருக்கோயிலை அடைவோர் உள்ளம் உருகுவது இயல்பே. கடங்கள் வலம்வந்து, விமானக் கலசத்தின்மீது நன்னீர் பொழியப்படும் அந்த ஒரு கணத்தில் எல்லார் கைகளும் தலைமேற் குவிகின்றன. பின்னர் 48 நாள் மண்டலாபிஷேகம். அதன்பின்? அடுத்த கும்பாபிஷேகம் 12 ஆண்டு கழித்து வருமெனக் கொண்டால், இடையே 4,300 நாட்களுக்கு மேல் கிடக்கின்றன. விடியலில் மணியோசை, ஓர் அருச்சகர், விளக்குக்கு எண்ணெய் கொணரும் ஒரு மூதாட்டி, இவ்வளவே காட்சியாகக் கழியும் நாட்கள் அவை. இன்று சிந்தித்தற்கு உரியவை அந்நாட்களே.

ஆகமங்கள் வழிபாட்டை நித்தியம், நைமித்திகம், காமியம் என மூவகையாக வகுத்துக் கூறும். நாள்தோறும் இயற்றுவது நித்தியம். விழா முதலியன நைமித்திகம். பயன் கருதிச் செய்வது காமியம். இம்மூன்றனுள் காமியத்தை விடினும் குற்றமில்லை. நித்தியம் தவறினாலோ கழுவாய் தேடல் வேண்டும். பவித்திரோற்சவம் என்னும் விழா ஒன்று நாள்வழிபாட்டில் நேர்ந்த குறைகளை நிரப்புதற்பொருட்டே வகுக்கப்பட்டுளது. விழாவே பெரிதென்று கருதி நாள்வழிபாட்டை மறந்திருக்கும் இக்காலத்தார் இதனை உற்று நோக்குதல் நன்று.

கோயிலுக்கு நித்தியம் உளதாதல்போல உயிருக்கும் நித்தியம் ஒன்று உண்டு. அஃது இறைவன் உயிருக்கு நாடோறும் செய்யும் உதவியாம். அவற்றுள் முதலாவது துயிலெழுதல்.

துயிலெழுதலை உதவியென்று எண்ணுவார் யார்? சித்தாந்த நூல்கள் எண்ணியுள்ளன. விழித்திருக்கும் நிலையில் உயிர் புருவநடுவில் 35 கருவிகளோடு நிற்கும். கனவில் அவற்றுட் பத்து நீங்கி 25 கருவிகளோடு கண்டத்தில் நிற்கும். உறக்கத்தில் 3 கருவிகளோடு இதயத்தை அடையும். பேருறக்கத்தில் இரண்டே, உயிர்ப்படங்கலில் ஒன்றே. இதனைச் சிவஞான சித்தியார் ஒரே செய்யுளில் அடக்கிக் காட்டுகின்றது. இரவில் இவ்வாறு கருவிகளை ஒவ்வொன்றாக இழந்து, தான் யாரென்பதும் அறியாது கிடந்த உயிருக்கு விடியலில் அவை அனைத்தும் மீளவும் கூட்டப்படுகின்றன. கண் காண்கின்றது, செவி கேட்கின்றது, முந்தைநாள் விட்ட எண்ணத்தை மனம் விட்ட இடத்தினின்றே பற்றுகின்றது. உயிர் தன் முயற்சியால் அவற்றைத் தேடிக் கொணர்ந்ததா எனின், இல்லை. உறங்கிக் கிடந்த ஒன்று எங்ஙனம் தேடும்? மூச்சும் அத்தகையதே. நாளொன்றுக்கு அது 21,600 முறை இயங்கும் என்பது நூல்வழக்கு. அவற்றுள் ஒன்றையேனும் எண்ணி விட்டவர் எத்துணையர்!

இத்துணைப் பேறு பெற்றும் நன்றி தோன்றாமை எதனால்? திருவள்ளுவர் தம் நூலின் 11-ஆம் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றியறிதல் எனப் பெயரிட்டார். ‘அறிதல்’ என்னும் சொல் அப்பெயரில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. வாயால் நன்றி கூறுதல் அறிந்தபின் நிகழ்வது; அறியாதவிடத்து அது வெறும் உபசாரம். அறிவை மறைப்பது ஆணவமலம். அம்மலம் பக்குவப்படுங்காறும் இறைவனும் தன்னைக் காட்டாது மறைந்து நின்றே உதவுகின்றான். திரோதான சத்தி என்பர் அதனை. உண்டியைக் குழந்தையின் வாயில் ஊட்டிவிட்டுக் கதவின்பின் ஒளிந்து நிற்கும் தாயைப்போல, கொடுப்பவன் காணப்படாமையால் கொடுத்ததும் நம்முடையதென்றே தோன்றுகின்றது.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் 11-ஆம் சூத்திரத்தில் இக்கருத்தை முடிநிலைக்குக் கொண்டு சேர்க்கின்றார். (வள்ளுவரின் அதிகார எண்ணும் இதுவும் ஒன்றாயிருத்தல் தற்செயலே, பொருளொற்றுமை தற்செயலன்று.) கண் தானே காணமாட்டாது; உயிர் உடனின்று காட்டக் காணும். அவ்வுயிரும் தானே அறியமாட்டாது; இறைவன் உடனின்று காட்ட அறியும். அவ்வுதவியை மறவாத அன்பினாலேயே உயிர் அவன் திருவடியைச் சேரும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. ஆகவே ஒருவன் விடியலில் கண் திறந்து முற்றத்துக் கோலத்தைக் காண்கின்றானெனின், அச்சிறு காட்சியிலேயே இறைவனது உதவி நிறைவுற நிகழ்ந்துவிட்டது.

இழந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோது இருகண் ஒளியும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். பிறந்த நாள்தொட்டு வேண்டாமலே பெற்றிருந்த ஒன்றை ஊர் ஊராகப் பாடிப் பெறவேண்டியதாயிற்று.

இழவாமலே அறிந்தவர் ஒருவரும் உளர். சோழநாட்டுக் கணமங்கலத்துத் தாயனார் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாடோறும் இறைவனுக்கு ஊட்டிவந்த செல்வர். செல்வம் போயிற்று. கூலிக்கு நெல்லரிந்தார். கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கு வைத்துக் கார்நெல்லைத் தாம் உண்டார். வயலெல்லாம் செந்நெல்லே விளைந்தபோது, ‘இஃது அடியேன் பெற்ற பேறு’ என மகிழ்ந்து, கூலி முழுவதையும் படையலாக்கினார். தமக்கு? மனைவியார் கொல்லைக் கீரையை அடகாக்கி இட்டார். கீரையும் அற்றபின் தண்ணீர் வார்த்தார். குறைகூறும் சொல் ஒன்றும் அம்மனையில் எழவில்லை. சேக்கிழார் பெருமான் இத்திருத்தொண்டர்க்கு உரிய புகழில் அவ்வம்மையாரைச் சிறிதும் பின்னிற்க விட்டாரல்லர்.

ஒருநாள் தாயனார் படையற்கூடையைச் சுமந்து முன்செல்ல, அம்மையார் ஆனைந்து நிறைந்த கலத்தை ஏந்திப் பின்சென்றார். பசியால் தளர்ந்த கால் தவறிற்று. கலத்தை மூடிய கையாலேயே அம்மையார் கணவரை அணைத்துத் தாங்கினார். ஆயினும் அரிசியும் கீரையும் மாவடுவும் வயல்வெடிப்பிற் சிந்தின. இனி நின்று பயன் என் என்று தாயனார் அரிவாளைத் தம் கழுத்திற் பூட்டி அரியலுற்றார். அப்பொழுது அவ்வெடிப்பினின்று ஒரு திருக்கை எழுந்து அவர் கையைப் பற்றிற்று. உடனே மாவடுவைக் கடிக்கும் ஓசையும் கேட்டது. அதற்கு முன்னைய நாட்களிலும் இறைவன் அப்படையலை ஏற்றே வந்தான்; ஓசை மட்டும் அன்று செவிக்கு எட்டிற்று. கழுத்தில் அரிவாள் பூட்டிய அச்செயலால் தாயனார் அரிவாட்டாயர் எனப்பட்டார்.