பி.எஸ்.ஏ. கூடிவிட்டால்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் பெரியவர்கள் பலர், பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையில் எண் கூடிவிட்டால் அறிக்கையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுகின்றனர். மகரகம புற்றுநோய் வைத்தியசாலை கண்முன் வந்து நிற்கின்றது! இந்த அச்சத்தைப் பற்றியே பேச வந்தோம்.

பி.எஸ்.ஏ. என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழேயுள்ள புரொஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம். வயதோடு சுரப்பி பருத்தாலும், சிறுநீர்த் தொற்று ஏற்பட்டாலும் அது கூடும். ஒரு மில்லிலீற்றருக்கு 4 முதல் 10 நனோகிராம் வரை உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் காணப்படுகின்றது. நாலுக்கு மேற்படாதவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு அது இருந்ததை 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஆகவே எண்ணை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது.

வைத்தியர் சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிப்பார். தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்ததா எனக் கேட்பார். இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இருமடங்கு. (வீட்டில் மூடிவைத்த கதைகள் இங்கேதான் இடைஞ்சல் செய்கின்றன.) பினாஸ்ரறைட் மருந்து எடுப்பவர் அதை மறைக்கலாகாது; அது எண்ணைப் பாதியாக்கிக் காட்டும். பின்னர் எம்.ஆர்.ஐ. படம், சந்தேகம் நீடித்தால் ஊசியால் இழையம் எடுத்துச் சோதிப்பர். இளைஞர்களே, அப்பாவைத் தனியே அனுப்பாதீர்கள், கூடப் போங்கள்.

புற்றுநோயே என்றாலும் உடனே கத்தி என்பதில்லை. பிரித்தானியாவில் சுரப்பிக்குள் அடங்கிய நோயுடைய 1,643 பேரை ஆராய்ந்து 2023இல் முடிவு வெளியிட்டனர். கண்காணிப்பு, அறுவை, கதிர்ச் சிகிச்சை என்ற மூன்று பிரிவிலும், பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு மூவர் அளவே.